தொண்டைக்குள் மறைந்த கட்டி: சேலம்–நாமக்கல் சமவெளியில் மூச்சடைப்பின் வரலாறு

தொண்டை திடீரென அடைத்து மூச்சு நின்றுபோவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் மிக அரிதானவையும், நெடுங்காலம் யார் கணக்கிலும் வராதவையும் புற்று அல்லாத கட்டிகள். நாவின் அடிப்பகுதிக்கும் குரல்வளை மூடிக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் திரளும் நீர்க்கட்டி, குரல்நாண்களின் மேல் கொத்தாக முளைக்கும் மரு, கைக்குழந்தையின் குரல்நாணுக்குக் கீழே வளரும் இரத்தக்குழாய்க் கட்டி, கொழுப்புக் கட்டி, நரம்புறைக் கட்டி, குரல்வளைச் சுவரிலிருந்து புடைக்கும் காற்றுப்பை, உணவுக்குழலின் மேல்முனையில் காம்போடு தொங்கும் சதை வளர்ச்சி ஆகியவை இந்த இனம். இவை வேறு உறுப்புகளுக்குப் பரவுவதில்லை. முதுகில் எலுமிச்சை அளவுக் கொழுப்புக் கட்டியோடு எழுபது வயது தாண்டியும் காட்டுவேலை பார்ப்பவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள். அதில் பாதி அளவுக் கட்டி குரல்வளை வாசலில் இருந்தால் கதை வேறு. சாதுவான கட்டி என்ற மருத்துவ வகைப்பாடு திசுவின் குணத்தைப் பற்றியது. அது முளைத்திருக்கும் இடத்தின் ஆபத்து அந்தப் பெயரில் அடங்காது.

பிறந்த குழந்தையின் மூச்சுப்பாதையில் மிகக் குறுகலான இடம், மோதிரக் குருத்தெலும்பு சூழ்ந்த பகுதி. அதன் விட்டம் நான்கு முதல் ஐந்து மில்லிமீட்டர்தான். நான்கு மில்லிமீட்டர் குழலின் உட்சுவர் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால், காற்று செல்லும் பரப்பில் முக்கால் பங்கு போய்விடும். பெரியவர்களுக்கு இடம் தாராளம் என்பதால் கட்டி மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். மல்லாந்து படுத்தால் திணறல், ஒருக்களித்தால் தெளிவு. வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோன்ற குரல். சோறு விழுங்கும்போது ஒரு தடை. முன்னறிவிப்பு பெரும்பாலும் இவ்வளவுதான். பிறகு ஒருநாள் நீர்க்கட்டியில் சீழ் பிடிக்கிறது, அல்லது உள்ளே இரத்தம் கசிகிறது, அல்லது காம்புள்ள சதை இருமலில் மேலெழும்பிக் குரல்வளை வாசலில் சொருகிக்கொள்கிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சென்ற ஒலி எழும், கழுத்துக்குழி உள்வாங்கும், உதடு நீலம் பாயும். காற்று முழுதாக நின்றுவிட்டால் மூளை தாங்குவது நான்கைந்து நிமிடம்.

நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் சாலையில், கொல்லிமலையின் தெற்கு அடிவாரத்தை ஒட்டிய சமவெளியில் இருக்கிறது எருமப்பட்டி. நிலக்கடலையும் சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் பூமி. இன்று பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். அங்கே நின்று இந்த நோயின் வரலாற்றைப் பார்த்தால் இரண்டு கேள்விகள் முன்னே வருகின்றன. கட்டி உள்ளே இருப்பது யாருக்குத் தெரிந்தது? தெரிந்துகொள்ளக்கூடியவர் எவ்வளவு தொலைவில் இருந்தார்?

முதல் கேள்விக்குப் பழைய நூல்களில் வியப்பான பதில் ஒன்று உண்டு. சுசுருத சம்ஹிதை தொண்டையில் மட்டும் 17 நோய்களை எண்ணுகிறது. அவற்றுள் ரோகிணி என்பது ஆளைக் கொல்லும் தொண்டை நோய். அதைப் பிற்காலத்தார் டிப்தீரியாவோடு ஒப்பிட்டார்கள். அதே பட்டியலில் கிலாயு என்றொரு நோயும் வருகிறது. நெல்லிக்கொட்டை அளவில் தொண்டையில் எழும் கெட்டியான முடிச்சு, வலி குறைவு, சாப்பாடு அங்கேயே சிக்கி நிற்பதுபோன்ற உணர்வு, ஆயுதத்தால் அறுத்துத் தீர்க்க வேண்டியது என்று அதன் இலக்கணம் சொல்லப்பட்டிருக்கிறது. புற்றல்லாத தொண்டைக் கட்டி ஒன்றுக்கு இன்றைய மாணவன் எழுதும் குறிப்பிலும் இதைவிடச் சுருக்கமாக எழுதிவிட முடியாது. ஆனால் வாயை அகலத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும் எல்லைவரைதான் அந்தப் பார்வை சென்றது. நாவடிக்குப் பின்னால், கீழே, இருட்டு.

கொங்குச் சமவெளியின் வீட்டு வைத்தியமும் அந்த எல்லைக்குள்ளேயே இயங்கியது. நீங்காத இருமலுக்கும் விழுங்கச் சிரமப்படுவதற்கும் ‘அண்ணாக்கு விழுந்துவிட்டது’ என்று காரணம் சொல்லி, உப்பும் மிளகுப் பொடியும் விரலில் தொட்டு உள்நாக்கை மேலே தூக்கிவிடுவார்கள். உச்சி மயிரைப் பற்றி இழுப்பதும் உண்டு. குழந்தை தீனி எடுக்காமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தால் தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிப் போவார்கள். அவர் ஊதியும் உறிஞ்சியும், உள்ளே சிக்கியிருந்தது இதுதான் என்று மயிரையோ உணவுத் துணுக்கையோ கையில் காட்டுவார். புரையேறினால் உச்சந்தலையில் தட்டுவது எல்லா வீட்டிலும் நடந்தது, இன்றும் நடக்கிறது. கட்டியைக் கீறிச் சீழ் எடுப்பது குடிநாவிதரின் தொழில். மருத்துவர் என்றும் அவர்களுக்குப் பெயர். புறத்தே தெரிந்த சிலந்தியைக் கீற அவர்களிடம் கத்தியும் கைப்பழக்கமும் இருந்தன. கழுத்துக்குள் மூச்சுக்குழலைத் திறக்கும் மரபு அங்கே உருவாகவில்லை. இந்தச் சடங்குகளை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. அவற்றின் பின்னே இருந்த அனுமானம், தொண்டையில் ஏதோ ஒன்று தொங்குகிறது அல்லது சிக்கியிருக்கிறது என்பது. நோயாளிகளில் மிகச் சிலருக்கு அது உண்மையாகவும் இருந்திருக்கும். தவறு, எல்லாருக்கும் ஒரே கைவேலை போதும் என்று நம்பியதில்தான்.

தொண்டை அடைத்துச் சாவது என்றால் இந்தச் சமவெளி உழவர்களுக்கு நினைவுக்கு வந்தது முதலில் மாடுதான். மழைக்காலத்தில் மாட்டையும், அதைவிட அதிகமாக எருமையையும் தாக்கும் தொண்டை அடைப்பான் நோயில் தாடைக்கடியும் தொண்டையும் வீங்கி, கர்கர் என்ற மூச்சோடு ஓரிரு நாளில் விலங்கு விழுந்துவிடும். அது பாஸ்சுரெல்லா என்ற பாக்டீரியாவின் வேலை. மனிதக் குழந்தைகளின் டிப்தீரியாவுக்கும் தமிழில் தொண்டை அடைப்பான் என்ற பெயரே நிலைத்தது. கால்நடைக்குச் சூடு வைத்தார்கள். குழந்தைக்குக் கஷாயமும் வேப்பிலையும். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இல் வந்தது. மனிதர்களுக்கான மருத்துவக் கல்லூரி அதற்கு 37 ஆண்டுகள் கழித்து, 2022 ஜனவரியில், தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொன்றில் ஒன்றாக வந்தது. கோழிப் பண்ணையும் கறவை மாடும் பிழைப்பாக இருக்கும் ஊரில் இந்த வரிசை யாருக்கும் விநோதமாகப் படவில்லை.

அரிய கட்டிகளால் இங்கே எத்தனை பேர் இறந்தார்கள் என்று பழைய ஆவணங்களில் தேடினால் எதுவும் கிடைக்காது. அதற்குக் காரணம் பதிவேட்டின் அமைப்பு. சென்னை மாகாணத்தில் கிராமங்களின் பிறப்பு, இறப்புகளை எழுதியவர் கிராம முன்சீப். வரிவசூலும் சிறு வழக்கும் பார்க்கும் அந்த மனிதரே சாவின் காரணத்தையும் முடிவு செய்தார். காலரா, பெரியம்மை, பிளேக், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சுவாச நோய்கள், காயம், இதர காரணங்கள் என்று கட்டங்கள் முன்பே வகுக்கப்பட்டிருந்தன. அம்மையும் காலராவும் அவருக்கு அடையாளம் தெரியும். மற்றவை பெரும்பாலும் காய்ச்சலிலோ கடைசிக் கட்டத்திலோ போய் விழுந்தன. இரவில் மூச்சு முட்டி இறந்த ஒரு பெரியவரின் நாவடியில் நீர்க்கட்டி இருந்ததா என்று அவர் எப்படி அறிவார்? வீட்டாருக்கு அது காற்றுக் கருப்பு அடித்ததாகவோ மாரடைப்பாகவோ இருந்திருக்கும். லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு 1883இலும், ரிச்சர்ட்ஸ் எழுதிய மாவட்ட விவரச்சுவடி 1918இலும் வெளிவந்தன. பஞ்சமும் காய்ச்சலும் காலராவும் நிறைந்த அந்தக் காலத்தின் பொதுச் சுகாதாரக் கணக்கு கொள்ளை நோய்களை எண்ணுவதற்கென்றே வகுக்கப்பட்டது. பல்லாயிரத்தில் ஒருவருக்கு வரும் நோயை எண்ண அதற்குக் கருவியும் இல்லை, தேவையும் இல்லை.

தொண்டையின் இருட்டுக்குள் முதலில் பார்த்தவர் மருத்துவர் அல்லர், பாட்டு வாத்தியார். லண்டனில் இசை கற்பித்த ஸ்பானியர் மனுவல் கார்சியா, 1854இல் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியைத் தன் தொண்டையில் வைத்து, கைக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, தன் குரல்நாண்கள் அசைவதைக் கண்டார். அடுத்த ஆண்டு அதை ராயல் சொசைட்டிக்கு எழுதினார். வியன்னாவில் டுர்க்கும், பெஸ்ட் நகரில் பணியாற்றிய செர்மாக்கும் அதை மருத்துவக் கருவியாக்கினார்கள். உயிரோடிருக்கும் மனிதரின் குரல்வளையில் கட்டி இருப்பதைப் பார்த்துச் சொல்வதும், வளைந்த இடுக்கியால் அதைக் கிள்ளி எடுப்பதும் அதன் பிறகே சாத்தியமாயின. லண்டனில் தொண்டைக்கென்றே மருத்துவமனை நிறுவிய மோரெல் மெக்கன்சி, 1871இல் நூறு குரல்வளைக் கட்டிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். காற்றுப்பையை நெப்போலியனின் அறுவை மருத்துவர் லாரே எகிப்தில் மசூதியிலிருந்து தொழுகைக்கு அழைப்பவர்களிடம் பார்த்து முன்பே குறித்திருந்தார்; பெயர் வைத்தவர் விர்ஷோ. ஊதுகருவி வாசிப்போரையும் கண்ணாடி ஊதுவோரையும் பாடநூல்கள் அதனோடு சேர்த்தே பேசுகின்றன. நாதஸ்வரம் ஊதும் நாட்டில் இதைத் தேடிப் பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு.

கண்ணாடியின் எல்லையும் விரைவில் வெளிப்பட்டது. ஜெர்மானிய இளவரசர் ஃபிரெடெரிக்கின் குரல்நாணில் 1887இல் ஒரு வளர்ச்சி தெரிந்தபோது, மெக்கன்சி கிள்ளியெடுத்த துணுக்கை விர்ஷோ சோதித்து, புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை என்றார். 1888 பிப்ரவரியில் மூச்சடைத்து, கழுத்தில் துளையிட வேண்டியதாயிற்று. மார்ச்சில் அரியணை ஏறியவர் 99 நாள் ஆண்டு, ஜூன் 15இல் இறந்தார். நோய் புற்றுதான். தொண்டைக் கட்டியைச் சாது என்று சொல்லிவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது என்ற பாடம் உலகத்துக்கு இப்படி அரச செலவில் கிடைத்தது.

கழுத்தில் துளையிடுவது தொண்டைக் கண்ணாடியைவிட மிகப் பழைய யோசனை. பிரசவோலா என்ற இத்தாலியர் 1546இல் தொண்டைச் சீழ்க்கட்டியால் மூச்சடைத்த ஒருவரை இப்படிக் காப்பாற்றியதாகப் பதிவு இருக்கிறது. இருந்தும் மருத்துவர்கள் அதற்கு அஞ்சினார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பரில் தொண்டை வீங்கிச் சாகும்போது, உடனிருந்த மூவரில் இளையவரான டிக் துளையிடலாம் என்றார். மூத்தவர்கள் ஒப்பாமல் இரத்தத்தை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சு மருத்துவர்கள் பிரெத்தோனோவும் துரூசோவும் டிப்தீரியாக் குழந்தைகளிடம் அதை வழக்கமாக்கினார்கள். துரூசோவின் கையில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் பிழைத்தார். இன்றைய முறையை ஒழுங்குபடுத்தியவர் ஃபிலடெல்ஃபியாவின் ஷெவாலியே ஜாக்சன். எந்த வளையத்தில் வெட்ட வேண்டும், மேலே வெட்டினால் பின்னாளில் குழல் எப்படிச் சுருங்கும் என்பதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் வரையறுத்தார். உள்குழல், வெளிக்குழல் என்று இரண்டாக அமைந்த அவருடைய வெள்ளிக் குழல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் ‘ஜாக்சன் டியூப்’ என்றே புழங்கியது. வீட்டார் கண்ணில் அது கழுத்தை அறுப்பதுதான். சம்மதக் கையெழுத்து வாங்குவது அறுவையைவிட நேரம் பிடித்தது என்பது அந்தக் கால வார்டுகளின் அனுபவம்.

கண்ணாடியும் குழலும் சென்னைக்கு வந்தன, எருமப்பட்டிக்கு வரவில்லை. இங்கே இரண்டாவது கேள்வி முன்னால் நிற்கிறது. சென்னை அரசு பொது மருத்துவமனையின் தொடக்கம் 1664, அங்குள்ள மருத்துவக் கல்லூரியின் தொடக்கம் 1835. காது மூக்கு தொண்டை நிபுணரான பி. வி. செரியன் அந்தக் கல்லூரியின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்து, பின்னாளில் மகாராஷ்டிர ஆளுநரானார். அவருக்குப் பின் வந்த தலைமுறையில் எஸ். காமேஸ்வரன் அந்தத் துறையைப் பெரும் பயிற்சி நிலையமாக்கினார். சேலம்–நாமக்கல் பக்கத்து ஏழைக்கு அதெல்லாம் ஓர் இரவுப் பயணத்துக்கு அப்பால். கொல்லிமலையில் 1913இல் குடியேறிய பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும் ஓராண்டு மருத்துவப் பயிற்சி அளவிலான அறிவோடு பல் பிடுங்கினார்கள், நரம்புச் சிலந்திப் புழுவை எடுத்தார்கள், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள். 1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலிலேயே இறந்தார். 1914இல் பிறந்து அந்த மலையில் வளர்ந்த அவர்களின் மகன் பால் பிராண்ட்தான் 1946இல் வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய அறுவை மருத்துவர். சுற்றுவட்டாரத்தில் அக்காலத்தில் கிடைத்த நவீன வைத்தியத்தின் அளவை இது காட்டும். மலையிலிருந்து நோயாளி டோலியில் இறங்கினார்; சமவெளியில் மாட்டுவண்டி, பிறகு வாடகைக் கார். லாரிக்குக் கூடு கட்டுவதில் நாட்டுக்கே பேர்போன நாமக்கல்லுக்குப் பயணிகள் ரயில் 2013இல்தான் ஓடியது.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அதிகம் உரிய தொண்டைக் கட்டி ஒன்றும் உண்டு. ரைனோஸ்போரிடியோசிஸ் எனப்படும் அது மூக்கில் தொடங்கி, அண்ணத்தின் பின்னால் இறங்கி, தொண்டையில் தொங்கும். மேற்பரப்பு சிவந்து, வெண்புள்ளிகளோடு இருக்கும், தொட்டால் இரத்தம். 1900இல் புவனோஸ் ஐரிஸில் மாணவராக இருந்த சீபர் முதலில் விவரித்தார். 1903இல் கல்கத்தாவிலிருந்து ஒகினீலி எழுதினார். 1923இல் எடின்பரோவின் ஆஷ்வர்த் கிருமியின் வாழ்க்கைச் சுற்றை ஆராய்ந்து பூஞ்சை என்றார். 1990களின் இறுதியில் மரபணு ஆய்வு அது பூஞ்சையே அன்று, மீன்களைப் பீடிக்கும் ஒட்டுண்ணிகளுக்கு உறவு என்று காட்டியது. மற்ற நாடுகளில் அரிதான இந்த நோய் சிவகங்கை, இராமநாதபுரம், மதுரைப் பக்கத்துக் கண்மாய்களிலும் ஊருணிகளிலும் குளிப்பவர்களிடம் சாதாரணமாகக் காணப்பட்டது. மாடுகளுக்கும் வரும். அறுத்தெடுத்து அடிப்பகுதியைச் சுட்டாலும் பலருக்குத் திரும்ப முளைக்கிறது. உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் அறுவை மேசையில்தான்: மயக்கம் கொடுக்கும் நேரத்தில் தொங்கும் கட்டி வாசலை மறைப்பதும், இரத்தம் மூச்சுக்குழலுக்குள் இறங்குவதும்.

அரிய கட்டிகள் கண்ணில் படத் தொடங்கியதற்கு ஒரு விநோதமான காரணம் தடுப்பூசி. தொண்டை அடைத்து வரும் குழந்தை என்றால் முன்பு டிப்தீரியா என்றே கொண்டார்கள். கிண்டி கிங் நிலையமும், முத்தடுப்பூசி தயாரித்த குன்னூர் பாஸ்டர் நிலையமும் தமிழகத்துக்குள்ளேயே இருந்தும், தேசியத் தடுப்பூசித் திட்டம் 1978இல் தொடங்கி 1985இல் விரிந்த பிறகே ஊர்க் குழந்தைகளுக்கு அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. குரல்வளை மூடி வீங்கும் அழற்சிக்குக் காரணமான ஹிப் கிருமிக்கு எதிரான ஐந்து நோய்த் தடுப்பூசியை, இந்தியாவில் முதலில் கேரளமும் தமிழ்நாடும் 2011 டிசம்பரில் கொடுத்தன. தொற்றுகள் விலகியபோது, கீச்சொலியோடு வரும் குழந்தையிடம் வேறு காரணம் தேட வேண்டியதாயிற்று. கடலைக்காட்டு ஊர்களில் முதல் சந்தேகம் மூச்சுக்குழலில் போன கடலைப் பருப்பு. அது இல்லை என்றால்தான் கட்டி. குழலில் கேமரா வைத்த எண்டோஸ்கோப் பார்வையில், இருமல் என்றும் ஆஸ்துமா என்றும் மாதக்கணக்கில் மருந்து தின்ற சிலரின் உண்மையான நோய் தெரிந்தது.

சிகிச்சையும் கட்டிக்குத் தக்கபடி பிரிந்தது. நாவடி நீர்க்கட்டியின் கூரையை வெட்டித் திறந்துவிட்டால் பெரும்பாலும் முடிந்தது. மருவுக்குக் காரணம் பாப்பிலோமா வைரஸின் 6, 11ஆம் வகைகள். அது திரும்பத் திரும்ப வருவதால் ஒரே குழந்தை பத்து இருபது முறை மேசை ஏறுவதும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஸ்ட்ராங்கும் ஜாக்கோவும் குரல்வளையில் பயன்படுத்திய கார்பன் டை ஆக்சைடு லேசர் அந்த வேலையை நுணுக்கமாக்கியது. கைக்குழந்தையின் இரத்தக்குழாய்க் கட்டியில் நடந்தது தற்செயல்: 2008இல் போர்டோ நகர மருத்துவர்கள் இதயத்துக்காகக் கொடுத்த புரோப்ரனலால் மாத்திரையால் கட்டி சுருங்கியதை அறிவித்தார்கள். துளையிட வேண்டியிருந்த பல கழுத்துகள் அதனால் தப்பின.

மயக்க மருத்துவருக்கு இந்தக் கட்டிகள் தனிப் பயம். குடலிறக்க அறுவைக்கென்று படுத்தவரின் நாவடியில் எதிர்பாராமல் நீர்க்கட்டி நிற்கும்; தசை தளர்ந்ததும் அது பின்னே சாயும்; குழல் போகாது, முகமூடியாலும் காற்று போகாது. இந்தியக் கடின மூச்சுப்பாதைச் சங்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இந்த நிலையில் தயங்காமல் குரல்நாண்களுக்குக் கீழுள்ள சவ்வில் துளையிடச் சொல்கின்றன. முன்கூட்டியே தெரிந்தால், விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக வளையும் ஸ்கோப்பைச் செலுத்திக் குழல் வைப்பது வழக்கம்.

தொலைவு குறைந்தது படிப்படியாக. சேலத்தில் 1986இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் வந்த மோகன் குமாரமங்கலத்தின் பெயர் அதற்கு. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகி, மாவட்டத் தலைமை மருத்துவமனை அமைந்தது. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற ஊழியரும் வண்டியிலேயே இருப்பது எருமப்பட்டி போன்ற ஊர்களுக்கு அதுவே முதன்முறை. இருந்தாலும் வண்டியில் செல்பவர் குரல்வளையைத் திறக்கும் மருத்துவர் அல்லர். முழு அடைப்புக்கு வண்டி வரும் நேரமே அதிகம். பாதி அடைப்பில், நோயாளியைப் படுக்க வைக்காமல் உட்கார்ந்தபடியே, ஆக்சிஜனோடு கொண்டுவந்து சேர்த்தவர்களே பிழைக்கிறார்கள்.

கிராம முன்சீப் பதவி 1980இல் ஒழிந்தது. இறப்புப் பதிவு கிராம நிர்வாக அலுவலரிடமும் உள்ளாட்சி அலுவலர்களிடமும் போனது. மருத்துவமனையில் இறந்தவருக்கு மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளிக்கிறார். வீட்டில் இறந்தவருக்கு, பல வேளைகளில், உறவினர் சொல்வதே பதிவாகிறது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முதுமை. தொண்டைக்குள் இருந்த கட்டி ஏட்டில் ஏற, நோயாளி உயிரோடு ஸ்கோப் இருக்கும் இடத்தை அடைந்திருக்க வேண்டும், அல்லது பிரேதப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும்.